கருப்பாயிக்குக் கொடுத்த பயம்

1

இந்தக் கதை என் யோசனை அல்ல. மலாயாவில், லாபிஸில், எங்களுக்கு அடுத்த ரப்பர் தோட்டத்தில் பெரியம்மை வந்திருக்கிறது. எங்கள் தொழிலாளர் லயத்துத் தாய்மார்கள் பிள்ளைகளுக்கு அம்மை குத்த விடமாட்டேன் என்கிறார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டி ஊசி போடும் டிரஸர் சபாபதி என்னிடம் வந்தார்.

"மனசு கரையற மாதிரி ஒண்ணு எழுதுங்க, கிராணியாரே. பி.ஏ. எதுக்கு இருக்கு? காலையில ஆள் கணக்கெடுக்கற பெரட்டுல வாசிச்சிடலாம்."

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி நான்; ஒப்புக்கொண்டேன். வேறொன்றைச் செய்யாமல் இருக்க, எழுதுவது வசதியானது.

2

முதல் தொடக்கம்: 'கருப்பாயி ஒன்றும் அறியாதவள். மாரியம்மன் கோபித்துக்கொள்வாள் என்று அவள்—'

(அடித்துவிட்டேன். நானே உண்டாக்கிய பெண்ணை நானே ஏன் மட்டம் தட்டுகிறேன்?)

இரண்டாவது: 'கருப்பாயி குழந்தையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பால்மரங்களுக்குள் ஓடினாள். ஊசி என்றாலே அவளுக்கு—'

(இதில் உயிர் இருக்கிறது. காரணம் பிறகு.)

3

நேற்று, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக் கொட்டகையில், தாய்மார்களுக்கு வாசித்துப் பார்த்தேன். கருப்பாயி ஓடிய இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். என் மகளைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளையம்மா மட்டும் கேட்டாள்:

"அவ கெடக்கட்டும் ஐயா. நம்ம பாப்பாவுக்கு எப்பக் குத்துவீங்க?"

"ஆமா லா, கிராணி வூட்டுப் புள்ள மொதல்ல கைய நீட்டட்டும். பொறவு நாங்க நீட்டுறோம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

இன்னும் பெரிய சிரிப்பு. சபாபதி என்னைப் பார்த்தார். நான் காகிதத்தைப் பார்த்தேன்.

இங்கே எந்தப் புதுப் பொருளும் கிராணி வீட்டில் புழங்கிய பிறகே லயத்துக்குள் போகும். டின்பால் அப்படித்தான் போனது. எனக்குத் தெரியாததல்ல.

4

(அடிக்குறிப்பாக இருக்க வேண்டியது: என் மனைவி புஷ்பவள்ளி பிரசவக் காய்ச்சலில் போனாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட மறுநாள். ஊசியால் அல்ல. தெரியும். தெரிந்தும்—)

அந்தப் பயம் என்னுடையது. அதற்குச் சேலை கட்டி, கருப்பாயி என்று பெயர் வைத்து, ஊர் சிரிக்க ஓடவிட்டேன்.

5

முடிவு ஒன்று: கருப்பாயி திரும்பி வருகிறாள், எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். எழுத எளிது. அவளை யார் திருப்பியது என்று மட்டும் சொல்ல முடியவில்லை.

முடிவு இரண்டு: அவள் ஓடிக்கொண்டே இருக்கிறாள். அம்மை லயத்துக்குள்—

வாசலில் சபாபதி.

"கதை ஆச்சா?"

"முடிவு வரலை."

"அதைத் தூக்கிப் போடுங்க. பாப்பாவைத் தூக்குங்க. எல்லாரும் பெரட்டுல நிக்கிறாங்க, ஒங்களைத்தான் பாத்துக்கிட்டு."

மகளின் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டேன். அம்மை குத்திய தழும்பில்லாத கை. அவளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன் என்று எழுதலாம். ஆனால் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றால் நாற்காலியில்தான் இருக்கிறேன் என்று அர்த்தம்.

வாசகரே, நீங்களாவது படிப்பதை நிறுத்துங்கள். நான் எழுந்திருக்க வேண்டும்.