நடுகல்லில் இரண்டு பேர்

என் வீட்டுக்காரரின் மூதாதை வேர்சல் சிங் சண்டையில் வெட்டுப்பட்டு விழுந்த இடத்தில், ஊருக்கு வெளியே, அவருடைய நடுகல் நிற்கிறது. கல்லில் குதிரைமேல் அவர். குதிரையின் காலடியில், கழுத்தில் டோல் மேளம் மாட்டிய ஓர் ஆள். தலைவர் விழுந்த பிறகும் அடிப்பதை நிறுத்தாமல் செத்த பீமா. அவன் வம்சத்து சுகாராம்தான் இன்றும் எங்கள் விசேஷங்களுக்கு டோல் அடிக்கிறார்.

நான் இந்தக் குலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். இவர்களுடைய வீரக் கதைகளைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. என் வீட்டுக்காரர் அப்படியில்லை. உயிராக நினைப்பவர்.

இந்த வருஷம் குலச் சங்கம் கல்லுக்கு மண்டபம் கட்டியது. சங்கத் தலைவன் நர்பத், இவருடைய அண்ணன் மகன். ஜோத்பூரில் கல் வியாபாரம். கல்லைச் சுற்றி அவன் பதித்த பளிங்குச் சட்டம் பீமாவை முழுக்க மறைத்துவிட்டது.

எங்கள் முற்றத்தில்தான் கூட்டம் நடந்தது. நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன்.

“பீமா எங்கடா?” என்றார் இவர்.

“காக்கோசா, இது நம்ம பாட்டன் கல்லு. டோல்காரனுக்கும் சேத்து மாலை போடணுமா?” என்று சித்தப்பாவைக் கேட்டான் நர்பத்.

“அவனும் அங்கதானேடா செத்தான்?”

“சண்டையப் பத்தி நீங்க சொல்றீங்களா? பட்டாளத்துல லாரிதானே ஓட்டுனீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நறுக்குனு நாலு வார்த்தை கேக்க வேண்டியதுதானே?” என்றேன் பிறகு இவரிடம்.

“என்னத்தக் கேக்க? லாரிதானே ஓட்டுனேன்.”

மறுநாள் இருவரும் சுகாராம் வீட்டுக்குப் போனோம். எங்களுக்குக் கட்டிலைப் போட்டுவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார்.

“ஹுகும், எசமானே, இத விட்ருங்க. இப்பவே பாதி கல்யாணத்துல பாட்டுப்பெட்டி வெச்சுடறாங்க. இருக்கிற நாலு வீடும் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?”

அவர் மனைவி கவ்ரி ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்: “கல்லுல எங்காளு இருக்கட்டும். அடுத்த கல்யாணத்துல எங்களுக்குப் பந்தியில எடம் உண்டா?”

இவர் என்னைப் பார்த்தார். நான் ஆட்டைப் பார்த்தேன்.

வேர்சல் சிங் நினைவு நாள் காலையில், டிராக்டரில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு இவர் மட்டும் போய்ச் சட்டத்தை நெம்பியிருக்கிறார். சிமெண்ட் இறுகிவிட்டிருந்தது. ஒரு மூலைதான் உடைந்தது. டோலின் விளிம்பும் குச்சி பிடித்த கையும் தெரிந்தன. அதற்குள் நர்பத்தின் ஆட்கள் வந்து இவரை இழுத்துப் போட்டார்கள்.

விழாவில், நம்மவர் என்பதற்கு அடையாளமாக, அபின் கரைசலை உள்ளங்கையில் ஏந்தி ஒருவருக்கொருவர் நீட்டினார்கள். இவரிடம் யாரும் நீட்டவில்லை. சுகாராம் கல்லுக்கு முதுகைக் காட்டி நின்று டோல் அடித்தார். மத்தியானத்துக்குள் அந்த மூலையையும் பூசிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து இவர் தலைப்பாகையைக்கூட அவிழ்க்கவில்லை. நான் கம்பு ரொட்டி போட்டு வைத்தேன். போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

“பேசுனது நர்பத். நீங்க எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டா குலத்துல சேத்துக்குவாங்களாம்” என்றேன் இவரிடம்.

“நீ என்ன சொன்ன?”

“கட் பண்ணிட்டேன். சாப்பிடுங்க.”

அவர் சாப்பிடவில்லை. நானும் என் தட்டை மூடி வைத்தேன்.