ஸௌம்யா பேரில் ஓடிய பேக்கப்

பாலாஜி திணறுவதைப் பார்க்கப் பார்க்க ஸௌம்யாவுக்கு உள்ளூர இனித்தது.

சின்ன காஞ்சிபுரத்தில் வேலாயுதம் நடத்தும் சேலை டிசைன் கூடத்தில் அவளுக்கு இது ஆறாவது வருஷம். தறியில் பூ விழவைக்கும் ஜக்கார்டு அட்டைக்கான பூவையும் கொடியையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்புவாள். மத்தியானம் எல்லா டிசைனையும் டேப்பில் பேக்கப் எடுப்பதும் அவள் பொறுப்பாகத்தான் இருந்தது. போன வாரம் அதை, டிசைன் வரையப் புதிதாக வந்த தென்னேரி பாலாஜியிடம் வேலாயுதம் கொடுத்துவிட்டார். "டிப்ளமா படிச்சவன். எல்லா மெஷினும் இவன் பொறுப்புல இருக்கட்டும்மா" என்று அவள் எதிரிலேயே சொன்னார்.

அன்று சாயங்காலமே ஸௌம்யா தன் பாஸ்வேர்டை மாற்றினாள். தன் டிசைன் ஒன்றுகூட அவன் கண்ணில் படக்கூடாது.

மறுநாளிலிருந்து பேக்கப் ஓடவில்லை. யூசர் கணக்கில் பிழை என்று ஒரு வரி வந்தது; அதற்கு மேல் திரை எதுவும் சொல்லவில்லை. பாலாஜி டேப்பை மாற்றினான், கேபிளைப் பிடுங்கிச் செருகினான்.

"அக்கா, உங்க காலத்துல இப்படி வந்துருக்குதா?"

"என் காலமா? நான் என்ன போய்ச் சேர்ந்துட்டேனா?"

"ஐயோ, அப்படி இல்லக்கா..."

"டேப்பைப் போட்டேன், ஓடித்து. நான் டிப்ளமா படிக்கலையோல்லியோ."

வெள்ளிக்கிழமை அவன் ஒரு வழி கண்டான். பேக்கப் தோற்றால் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானே மறுபடி முயலும்படி வைத்தான்.

சனிக்கிழமை காலை ஸௌம்யாவால் தன் மெஷினுக்குள் நுழைய முடியவில்லை. கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்றது திரை. பதினோரு மணிக்கு செவிலிமேட்டிலிருந்து கல்யாண வீட்டார் வருகிறார்கள். முகூர்த்தப் புடவைக்கு அவள் வரைந்த முந்தானை, பாலாஜி வரைந்தது, இரண்டில் ஒன்றை எடுப்பார்கள். அவனுடையது பிரிண்டாகி மேஜைமேல் கிடந்தது. அவளுடையது பூட்டுக்குள். மணி பத்தரை.

வேறு வழியில்லை. "கொஞ்சம் வந்து பாரேன்" என்றாள்.

பாலாஜி உட்கார்ந்து, நடந்ததெல்லாம் பதிவாகும் பட்டியலை மேலும் கீழும் உருட்டினான்.

"அக்கா, பாஸ்வேர்ட் மாத்துனீங்களா?"

"ஏன்?"

"பேக்கப் உங்க பேர்லதான் ஓடிக்கினு இருந்துருக்குது. பழைய பாஸ்வேர்டையே வச்சிக்கினு கதவத் தட்டுது. நான் வேற திரும்பத் திரும்பத் தட்ட வச்சிட்டேன். ரொம்பத் தப்பாப் போட்டதால மெஷின் உங்களையே பூட்டிடுச்சு. எப்ப மாத்துனீங்க?"

பக்கத்து மேஜையில் இருந்த வேலாயுதம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"உன்கிட்ட பொறுப்பைக் கொடுத்த அன்னிக்கு" என்றாள் ஸௌம்யா.

பாலாஜி தலையைக் குனிந்துகொண்டு பூட்டை எடுத்தான்.

"பேக்கப்புக்குத் தனியா ஒரு கணக்கு போட்டுடறேன்க்கா. உங்க பேர எடுத்துட்டா இந்தத் தொல்லையே இருக்காது."

தன் பேர் அங்கே இருந்ததே அவளுக்கு இன்றுதான் தெரியும். இந்தக் கூடத்தின் எல்லா டிசைனும் தன் பேரில்தான் டேப்பில் ஏறியிருக்கின்றன. இனி பாலாஜி வரைவதும் அப்படித்தான் ஏற வேண்டும். தெரிந்தபிறகு விட மனசு வரவில்லை.

"எடுக்காதே. என் பேர்லயே இருக்கட்டும்."

"அப்போ புது பாஸ்வேர்ட இங்க போடணுமே."

"எழுந்திரு. நானே போடறேன்."

அவன் எழுந்து வாசல் பக்கம் திரும்பி நின்றான். அப்படியும் ஸௌம்யா இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டுதான் தட்டினாள்.

அவளுடைய முந்தானையின் முதல் வரியைப் பிரிண்டர் இழுக்கும்போது வாசலில் கார் வந்து நின்றது. மேஜையின் நடுவில் கிடந்த பாலாஜியின் தாளை அவள் ஓரத்துக்குத் தள்ளிவிட்டாள்.