எழுநூறு கிராம்

பன்னிரண்டு மணி நேரப் பந்தயம் முடியப் பதினெட்டு நிமிடம் இருந்தது. எங்கள் கார் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில், அசையாமல் நின்றது.

அக்கா வடிவமைத்த கார். ஆறு வருடமாக அவள் தூக்கத்தைத் தின்ற கார். முதல் வருடம் நாலாவது மணியில் சக்கரம் கழன்று காருக்கு முன்னால் ஓடியது. அடுத்த வருடம் ஒன்பதாவது மணியில் தீ. இந்த முறையும் முடிக்காவிட்டால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

ஓட்டி வந்தவர் அக்கா வீட்டுக்காரர். இறங்கிப் பின்மூடியைத் திறந்தார்.

“கியர் ராடு போல்ட் லூஸாயிடுச்சு மாப்ள! ரெண்டு சுத்து முறுக்கினா போதும்!”

எனக்கு உயிர் வந்தது. அவர் சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார்.

“டூல்ஸ் பையைக் காணோம்டா!”

வந்த உயிர் அப்படியே போனது.

காலையில் கார் எடை கூடிவிட்டதென்று அக்கா அழாத குறையாக நின்றாள். “எங்கயாவது எதையாவது குறைடா” என்றாள். நான் பெரிய அறிவாளி, அந்தப் பையை உருவி அலமாரியில் வைத்தேன். எழுநூறு கிராம். யாரிடமும் மூச்சு விடவில்லை.

என் சட்டைப் பையில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருந்தது. கொடுக்க முடியாது. பாதையில் நின்றுபோன காரை ஓட்டியவர் மட்டுமே, காரில் உள்ள கருவியால் மட்டுமே சரிசெய்யலாம். வெளியிலிருந்து ஒரு ஆணி போனாலும் கார் போட்டியில் இல்லை. நடுவர் குறிப்பேட்டோடு என் பக்கத்திலேயே நின்றார்.

மாமா விரலால் முறுக்கினார். கையுறையைக் கழற்றிவிட்டு முறுக்கினார். கொதிக்கிற இரும்பில் தோல் உரிந்தது. பதினோரு நிமிடம் போனது. போல்ட் பிடிக்கவில்லை.

ரேடியோவில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா ஓடிவந்தாள்.

“பையை எடுத்தது நீதானே?”

தலையாட்டினேன். அறைவாள் என்று நினைத்தேன். என் சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள்.

“வேணாம்க்கா! போட்டா எல்லாம் போச்சு.”

“எல்லாம் போயாச்சுடா. ஒரு தடவையாவது அது கோட்டைத் தாண்டறத நான் பாக்கணும்.”

வேலிக்கு மேலே வீசினாள். நடுவர் எழுத ஆரம்பித்தார்.

மூன்றே நிமிடம். கார் சீறிக்கொண்டு கிளம்பிக் கொடிக்கு அடியில் கோட்டைத் தாண்டியது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அவர்களுக்கு என்ன தெரியும்? அக்காவும் தட்டினாள். நான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

“கார்ல டூல்ஸ் ஏன் இல்ல?” என்று கேட்டார் நடுவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“நாந்தான் எடுக்கச் சொன்னேன். எழுதிக்குங்க.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.