வியாழக்கிழமைத் தோள்வலி

ஓர் ஆய்வுக் கட்டுரையின் மகத்துவம், அதைப் படிக்க முடியாதவர்களின் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. இந்த உண்மையை மனிதகுலத்துக்கு முதன்முதலாக அறிவித்தவன் கல்லூரி விரிவுரையாளன் ‘அடிக்குறிப்பு’. ஆதாரம் சொல்லாமல் தண்ணீர்கூடக் கேட்கமாட்டான் என்பதால் கல்லூரியே வைத்த பெயர் அது. அறிவித்த இடம், நூலகத்தில் அவன் தங்கையின் மேசை.

அவள் அங்கே நூலகர். கல்லூரியில் எழுதப்படும் கட்டுரைகளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் ஏற்றிவைப்பது அவள் வேலை.

“நீ நடத்துறது நூலகமா, பொதுக்குழாயா? வர்றவன் போறவன்லாம் வாய வெச்சிட்டுப் போறான். என் கட்டுரை வந்த இதழப் பாரு, காசு கட்டினாத்தான் திறக்கும், பூட்டு! பூட்டு இருந்தாத்தானே உள்ள ஏதோ இருக்குன்னு அர்த்தம்?”

“அந்தப் பக்கத்த எத்தனை பேருண்ணா பாத்திருக்காங்க?”

“பதினோரு தடவ.”

“அதுல நீ எத்தனை?”

ஒன்பது. வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டான்.

கட்டுரை, மருத்துவமனைச் சலவைக்கூடத்தைப் பற்றியது. அங்கே வேலை பார்க்கும் பதினான்கு பெண்கள், துணி மடிக்கும் மேசையையும் தங்கள் முழங்கை உயரத்தையும் அளவுநாடாவால் அளந்து, எட்டு மாதம் தினமும் தோள் எவ்வளவு வலித்தது என்று நோட்டில் குறித்துக் கொடுத்திருந்தார்கள். நோட்டுகளை வாங்கிக்கொண்ட அடிக்குறிப்பு, “முடிவு அச்சில் வரும், படிச்சிக்கோங்க” என்று சொல்லிவிட்டு மாயமாகியிருந்தான்.

அன்று மதியமே மடிப்பக்காவிடமிருந்து போன். அந்தப் பதினான்கு பேரில், ஒரு படுக்கைவிரிப்பை நான்கு நொடியில் மடித்துவிடுகிறவள் அவள்.

“சார், கட்டுரை வந்துடுச்சாமே! இங்க புது மேசை வாங்கப் போறாங்க. எவ்வளவு உயரம்னு நாளைக்கு முடிவு பண்றாங்க. உங்க கட்டுரைய நீட்டினா நம்ம உயரம் வரும். இல்லன்னா பழைய உயரமேதான், இன்னும் பத்து வருஷத்துக்குக் குனிஞ்சே கிடக்கணும். ஆனா திறக்கப் போனா பணம் கேக்குது சார்.”

அடிக்குறிப்பு கம்பீரமாகப் புறப்பட்டுப் போனான். நீராவி மண்டிய கூடத்தின் மூலையில் இருந்த மேலாளரின் கணினியில் தானே திறந்து காட்ட உட்கார்ந்தான். கணினி அவனிடமும் பணம் கேட்டது.

“எழுதினவரே இவருதாங்க,” என்று மடிப்பக்கா திரையிடம் சிபாரிசு செய்தாள். திரை மசியவில்லை.

அசடு வழிய, தன் மடிக்கணினியில் கிடந்த கைப்பிரதியைப் பெண்களுக்கு வாசித்தான். மேசை நான்கு அங்குலம் உயரவேண்டும் என்ற இடத்தில் கைதட்டினார்கள். வியாழக்கிழமைதோறும் வலி உச்சத்துக்குப் போவது ‘வாரச் சோர்வின் திரள்விளைவே’ என்ற இடத்துக்கு வந்தான். அவன் வாழ்க்கையிலேயே எழுதிய மிக அழகான வாக்கியம் அது. கூடமே விழுந்து விழுந்து சிரித்தது.

“சோர்வாவது ஒண்ணாவது! வியாழக்கிழமதான் சார் ஆபரேஷன் தியேட்டர் துணி வரும். எல்லாம் கெட்டித் துணி. ஈரத்தோட தூக்கிப் பாருங்க, தெரியும்.”

“முன்னாடியே எங்ககிட்ட காட்டியிருந்தா சொல்லியிருப்போமே தம்பி,” என்றாள் இஸ்திரிக்காரி.

மூன்று பேராசிரியர்கள் சரிபார்த்த வாக்கியம் அவள் பெட்டிக்கு அடியில் போனதுபோலப் படுத்துவிட்டது. ஆனால் அடிக்குறிப்புக்கு ஏனோ தலைகால் புரியாத உற்சாகம். “ஒரு துணி எவ்வளவு எடை இருக்கும்க்கா?” என்று பேனாவைத் திறந்தான். ஆளாளுக்குப் பேச, நான்கு பக்கம் நிறைந்தது.

மேலாளர் நல்ல மனிதர். “நீங்க சொன்னா எனக்குப் போதும். மேலிடத்துக்குப் போதாதே! தனியா அனுப்புற பிரதிய நம்ப மாட்டாங்க, இணையத்துல ஏறினத அவங்க இருக்குற இடத்துலேர்ந்தே திறந்து பாக்கணும். நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள.”

மறுநாள் நூலகக் கதவு திறந்தபோது அவன் வாசலில் நின்றான்.

“ஒரு நண்பனுக்காகக் கேக்குறேன். பூட்டுன இதழ்ல வந்தத இங்க ஏத்தலாமா?”

“நண்பர் இதழ்காரங்களோட போட்ட ஒப்பந்தத்தப் படிச்சாராமா?”

“இல்ல.”

“நான் படிச்சேன். சொந்தக் கைப்பிரதிய நூலகத்துல வைக்கலாம்னு ஏழாவது பத்தியில இருக்கு. நண்பர் சட்டையில மை கொட்டியிருக்கு, துடைச்சிக்கச் சொல்லு.”

கைப்பிரதி ஏறியது. கூடவே வியாழக்கிழமையைத் திருத்தும் குறிப்பும். அதில் அந்தப் பெண்களின் பெயர்களுக்குப் பின்னால், பதினைந்தாவதாகத் தன் பெயரைப் போட்டான்.

பத்தேமுக்காலுக்குப் போன் அலறியது.

“சார்! மேலிடத்துல திறந்து பாத்துட்டாங்க! நாலு அங்குலம் வந்தாச்சு! என் பேரும் இருக்கு, நானே பாத்தேன்! எங்கேயோ இருக்குற என் மருமககூடப் படிச்சிட்டா சார். அவளும் சலவைக்கூடந்தான். அவங்க ஊர்ல செவ்வாய்க்கிழமதான் வலிக்குதாம்!”

“ஏன்னு கேளுங்கக்கா! உடனே கேளுங்க!” என்று அவன் போட்ட கூச்சலில் நூலகமே திரும்பிப் பார்த்தது. தங்கை ‘அமைதி’ பலகையை விரலால் காட்டிவிட்டு, தேநீர் குடிக்க எழுந்து போனாள்.

அவள் தலை மறையும்வரை காத்திருந்தான். பிறகு, தன் பழைய கட்டுரைகள் ஆறின் ஒப்பந்தங்களையும் தேடியெடுத்து, ஏழாவது பத்தியிலிருந்து படிக்கத் தொடங்கினான். அனுமதி இருந்தவற்றின் கைப்பிரதிகளை, அவள் கணினியிலேயே, சத்தமில்லாமல், ஒவ்வொன்றாக ஏற்றினான்.