மனையியலுக்கு ஓர் இடம்

போக் மிஜோங் ஆசிரியர் நியமனத் தேர்வு எழுதத் தொடங்கிய நான்காம் ஆண்டு, மார்ச் மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை, தேர்வுக்குப் படிப்பவர்கள் குவியும் நோரியாங்ஜினில், அவள் பாடம் நடத்திப் பழகிய படிப்பகக் காலி அறையின் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெண்பிள்ளை தப்பான பதில் சொன்னாள். கீரையை அதிக நேரம் வேகவைத்தால் எது குறையும் என்பது கேள்வி. “உப்பு, டீச்சர்” என்றாள் அந்தப் பெண். “பரவால்ல, யோசிச்சியே, அதுவே நல்லது” என்று சொல்லிவிட்டு மிஜோங் பாடத்தைத் தொடர்ந்தாள். தேர்வாளராக நடித்துக்கொண்டு கடைசி வரிசையில் இருந்த நண்பன் கிஹுன், பிள்ளையின் தவறைக் கனிவாகத் திருத்தியதற்கு இரண்டு மதிப்பெண் போட்டான்.

அந்தத் தேர்வின் இரண்டாம் சுற்று அப்படிப்பட்டது. மூன்று தேர்வாளர்களுக்கு முன்னால், வெற்று நாற்காலிகளுக்கு இருபது நிமிடம் பாடம் நடத்த வேண்டும். கேள்வி கேட்க வேண்டும், வராத பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், அதைப் பாராட்டவும் வேண்டும். வருடக்கணக்கில் இதையே செய்கிறவர்களுக்கு யாராவது பதில் சொல்லத்தான் செய்வார்கள் என்றார் படிப்பக உரிமையாளர். அந்தப் பிள்ளைகள் ஹீட்டர் மேல் கால் வைக்காமல் இருந்தால் போதும் அவருக்கு. அந்த ஆண்டு முடிவதற்குள் மிஜோங்கின் அறையில் இருபத்தெட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். எல்லோரும் நடுநிலைப்பள்ளி இரண்டாம் ஆண்டு, எல்லோருக்கும் பதினான்கு வயது. முதலில் வாய் திறந்தவள் பெயர் மா நாரே.

மிஜோங் கையிலிருந்த சான்றிதழ் நடுநிலைப்பள்ளியில் மனையியல் கற்பிக்க அவளுக்கு உரிமை தந்தது, வேறெதையும் கற்பிக்கத் தரவில்லை. அவள் மாகாணத்தில் மனையியலுக்கு ஓராண்டு மூன்று ஆசிரியர் இடம் வந்தது, மறு ஆண்டு இரண்டு, பிறகு ஒன்று. வரலாற்றுக்குப் படித்த கிஹுன் ஆறாம் ஆண்டில் புத்தகங்களைக் கட்டிப் போட்டுவிட்டு அத்தான் நடத்தும் பார்சல் கம்பெனிக்குக் கிளம்பினான். அவனுடைய பத்தொன்பது பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றார்கள்.

“அக்கா, அதுங்க பக்கம் பாக்காதே. பாத்தா உன்னால இந்த ஊரை விட்டுப் போகவே முடியாது.”

“நீ பாக்கலையா?”

“குனிஞ்ச தலை நிமிராம இறங்கிடுவேன்” என்றான். அப்படியே இறங்கியும் போனான். இரண்டு நாள் நின்ற பிள்ளைகள் மூன்றாம் நாள் மிஜோங்கின் அறைக்குள் வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். அவள் நாற்காலிகளை நெருக்கிப் போட்டாள்.

அடுத்த ஜனவரியில் இரண்டாம் சுற்று முடிந்து வெளியே வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்தாள்.

“நல்லா பண்ணினியாடி?”

“பண்ணினேம்மா.”

“சரி. கறுப்புத் துணி எடுத்துக்கிட்டு வா.”

அப்பா இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. மகள் ஊர் போய்ச் சேர்ந்தபோது அவர் சாம்பலாகி ஒரு சின்னப் பெட்டிக்குள் இருந்தார். மறுநாள் நாற்பத்தேழு பிள்ளைகளும் சீருடையில் இரண்டு வரிசையாக வந்து அப்பாவின் படத்துக்கு முன் விழுந்து வணங்கினார்கள். சித்தப்பாமார் செருப்புகளை ஓரமாகத் தள்ளி இடம் செய்து கொடுத்து, மாட்டிறைச்சி சூப்பை இன்னொரு அண்டா காய்ச்சச் சொன்னார்கள். பிப்ரவரியில் முடிவு வந்தது. ஒரே மதிப்பெண்ணின் மூன்றில் ஒரு பங்கு குறைந்து மிஜோங் தோற்றிருந்தாள்.

அந்த இலையுதிர் காலத்து அறிவிப்பில் மனையியலுக்கு நேரே இடங்களின் எண் இல்லை, ஒரு கோடு மட்டும் இருந்தது. மிஜோங் அதைப் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை.

“அப்ப நாங்க எங்க டீச்சர் போறது?” என்று கேட்டாள் நாரே. “இந்த நாலாம் பாடத்தையே எத்தனை வருஷமா படிக்கிறோம்!”

அது உண்மைதான். தேர்வில் கேட்கும் பாடங்களைத் தவிர வேறெதையும் அவள் நடத்தியதே இல்லை. பிள்ளைகளுக்கும் பதினான்கு தாண்டவில்லை. மிஜோங் ஐந்தாம் பாடத்தைத் திறக்கச் சொன்னாள். காலையில் மீன் சந்தைச் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவினாள். மதியம் முதல் பாடம். இரண்டாம் ஆண்டுப் புத்தகம் முடிந்தது, மறு வருடம் மூன்றாம் ஆண்டுப் புத்தகமும் முடிந்தது. பையன்களுக்குக் குரல் உடைந்தது, சீருடைகள் குட்டையாயின. பிப்ரவரியில் பெயர் கூப்பிட்டு, ஒவ்வொருவருக்கும் கையால் எழுதிய சான்றிதழ் கொடுத்து அனுப்பினாள். நாற்பத்தேழு பேர் இறங்கியதில் மாடிப்படிக் கைப்பிடி ஆடிப்போனது. மிஜோங் அறையைப் பெருக்கிவிட்டு ஊருக்குப் போய், அம்மாவின் தொடுகறிக் கடையில் நின்றாள்.

ஒன்பது ஆண்டு கழித்து மனையியலுக்கு ஓர் இடம் வந்தது. மிஜோங்குக்கு நாற்பத்திரண்டு வயது. எழுதினாள், முதல் சுற்றில் தேறினாள். இரண்டாம் சுற்றுக்குப் போனபோது, காத்திருப்பு அறையில் எதிர் நாற்காலியிலிருந்து ஓர் இளம்பெண் துள்ளி எழுந்தாள்.

“டீச்சர்! நீங்களா? அப்ப நான் போயிடறேன். சத்தியமா போயிடறேன்.”

“வாயை மூடுடி, நாரே. உக்காரு. ஏதாவது சாப்ட்டியா?”

முதலில் மிஜோங்கின் முறை. கேள்வி கேட்டாள், காத்திருந்தாள். நாற்காலிகள் நாற்காலிகளாகவே இருந்தன. பதில் வந்ததாகப் பாவித்துப் பாராட்டிவிட்டு இருபது நிமிடத்தையும் முடித்தாள். அடுத்து நாரே உள்ளே போனாள். தாழ்வாரத்தில் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த மிஜோங், மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு வகுப்பே சிரிப்பதைக் கேட்டாள். யாரோ ஒரு பையன் தப்பான பதில் சொல்லியிருக்க வேண்டும். மிஜோங் கடைசிப் பொத்தானையும் போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தாள்.

முடிவு வந்த அன்று அம்மா கறுப்பு பீன்ஸைச் சோயாச் சாற்றில் வற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

“யாருக்குடி கெடைச்சுது?”

“எங்கிட்டப் படிச்ச பொண்ணுக்கு.”

அம்மா கரண்டியை நிறுத்தவில்லை. “எந்த ஊர்ல போட்டிருக்காங்க?”

“தீவுப் பள்ளிக்கூடமாம். மொத்தமே ஆறு பிள்ளைங்க.”

“கூட அவ வகுப்பும் போகுமில்ல?”

“போகும். முப்பது பேராவது இருக்கும்.”

“அப்ப அனுப்பறதுக்கு இது பத்தாது” என்று சொல்லி அம்மா அடுப்பைக் குறைத்தாள். மிஜோங் இன்னொரு படி பீன்ஸை அளந்து ஊறப்போட்டாள்.