தந்திக்காரர் பேசிய சம்பந்தம்

விழுப்புரம் தந்தி ஆபீசில் கோதண்டபாணிக்குத் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. காக்கி உடுப்பும் சைக்கிளுமாக அவர் கோலியனூர், காணைப் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் குழாயடியில் பேச்சு நின்றுபோகும். தந்தி வந்தாலே சாவுச் சேதிதான் என்று ஜனங்களுக்கு நினைப்பு. ஒரு வாசலில் ஸ்டாண்டு போட்டால் போதும், உள்ளே ஒப்பாரி ஆரம்பம். மகனுக்கு வேலை கிடைத்ததென்று வந்த தந்தியைக்கூடப் பிரிக்காமல் அழுதிருக்கிறார்கள். அழுது முடித்து விஷயம் தெரிந்ததும் அவரைத்தான் முறைப்பார்கள், ஏதோ அவர்தான் அழச் சொன்னமாதிரி. நாற்பத்தாறு வயதில் அவருக்கு இந்தப் பிழைப்பு வெறுத்துவிட்டது. யாராவது ஒருத்தர் வாசலில் நின்று, "வாங்க, உக்காருங்க" என்று வாய் நிறையச் சொல்ல வேண்டும். பெரிய ஆசையா அது?

அதற்காகத்தான் கல்யாணத் தரகராவது என்று முடிவு செய்தார். எந்த வீட்டில் பெண் காத்திருக்கிறாள், எந்த வீட்டுப் பையன் மெட்ராசில் ஒழுங்காக வேலை பார்க்கிறான், எவன் குடிக்கிறான், எல்லாம் அவருக்கு அத்துப்படி. கொஞ்ச நாள் ஞாயிற்றுக்கிழமைகளில் அலைவது, நாலு சம்பந்தம் கூடி வந்ததும் காக்கியைக் கழற்றி எறிவது என்று திட்டம். அவர் மனைவி காந்திமதி மட்டும், உங்களை எந்த வாசலில் ஏற விடுவார்கள் என்று கேட்டாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம் என்று ஜோராகக் கிளம்பிக் கோலியனூர் சுப்பராயலு வீட்டுக்குப் போனார். அவர் மகள் பூமாலைக்கு மாப்பிள்ளை தேடுகிறார்கள் என்று கேள்வி. கேப்பை புடைத்துக்கொண்டிருந்த கெங்கம்மாள், சுப்பராயலுவின் சம்சாரம், இவரைக் கண்டதும் முறத்தைப் போட்டுவிட்டு, சீக்காய்க் கிடந்த தன் அண்ணன் பேரைச் சொல்லி மாரில் அடித்துக்கொண்டாள். தெருவே கூடிவிட்டது. சம்பந்தம் பேச வந்தேன், சம்பந்தம் பேச வந்தேன் என்று தொண்டை வற்றக் கத்தினார் கோதண்டபாணி. யார் காதிலும் ஏறவில்லை. கடைசியில் சுப்பராயலு அவரைத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து, எதுவானாலும் டீக்கடையில் பேசலாம், இனிமேல் வாசலுக்கு வர வேண்டாம் என்று கும்பிட்டார்.

மாப்பிள்ளையைத் திண்டிவனத்தில் பிடித்தார். அங்கே அவரை ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை வியாபாரம் செய்யும் பச்சைமுத்து மகனுக்குப் பெண் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போனவரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, காபி கொடுத்து, வெற்றிலைத் தட்டையும் நகர்த்தி வைத்தார்கள். கோதண்டபாணிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மரியாதைக்காகவே இந்தச் சம்பந்தத்தை முடித்தே தீருவது என்று நினைத்தார். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே அலைந்தார். கோலியனூர்ப் பேச்செல்லாம் டீக்கடை பெஞ்சிலேயே நடந்தது. ஒரு வழியாகத் தேதி குறித்தார்கள்.

குறித்த கையோடு சுப்பராயலு ஆபீசுக்கு வந்து தயங்கித் தயங்கி நின்றார். "எல்லாம் உங்களாலதான். இல்லன்னு சொல்லல. ஆனா கல்யாணத்தன்னிக்கி மட்டும் நீங்க வர வேணாங்க. பொம்பளைங்க பயப்படறாங்க."

கல்யாணத்தை முடித்து வைத்தவனுக்குப் பந்தியில் ஓர் இலை கிடையாது. கோதண்டபாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைய தந்திகளை வாரிப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

அந்த முகூர்த்த நாளில் அவருக்கு டியூட்டி. பம்பாயிலிருந்து கெங்கம்மாளின் தம்பி அனுப்பிய வாழ்த்துத் தந்தி வந்து விழுந்தது. கூட வேலை பார்க்கும் சீனுவாசன் லீவு. வேறு வழியில்லாமல் அதே காக்கியோடு போனார். பந்தலுக்கு எதிரே சைக்கிளிலிருந்து கால் ஊன்றியதுதான் தாமதம், மேளக்காரர்கள் தாங்களாகவே நிறுத்திக்கொண்டார்கள். வாழ்த்துத் தந்தி என்பதற்கு அடையாளமாக உறையில் அச்சடித்திருந்த பூவை ஒருத்தரும் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள். சுப்பராயலு ஓடிவந்து தந்தியைப் பிடுங்கி இடுப்பில் செருகினார்.

"வாழ்த்துத்தாங்க. பிரிச்சித்தான் பாருங்களேன்."

"அப்புறம் பாக்கறேன். தாலி கட்டி முடியட்டும். உங்களுக்குப் புண்ணியமாப் போவுது, ஜல்தியாக் கெளம்புங்க."

சைக்கிளைத் திருப்பித் தள்ளிக்கொண்டே நடந்தார். கொஞ்ச தூரத்தில் யாரோ பின்னாலேயே ஓடிவந்தார்கள். கல்யாணத்துக்கு வந்திருந்த காணை மாரியப்பன். இந்தச் சம்பந்தம் பேசியது நீங்கள்தானாமே, திண்டிவனத்தில் நல்ல இடமாம், என் பெண்ணுக்கும் ஒன்று பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றான். கோதண்டபாணிக்கு அத்தனை ஆத்திரமும் ஒரே நொடியில் இறங்கிவிட்டது. முகம் மலர்ந்து, "அதுக்கென்ன, ஞாயித்துக்கெழம வூட்டுக்கே வர்றேன்" என்றார்.

மாரியப்பன் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயோ, வூட்டுக்கெல்லாம் வந்துடாதீங்க. என் ஆத்தா படுத்த படுக்கையா இருக்குது. நானே உங்க ஆபீசாண்ட வர்றேன்."

அவனைத் திட்டத்தான் வாயெடுத்தார். என்னவென்று திட்டுவது? திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார்.