தம்பியைப் பற்றி ஐந்து வரி

தால்தி-பெல் பள்ளியின் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உலகத்தில் எல்லாமே நல்லதுதான். நல்ல வீடு, நல்ல ஆடு, நல்ல மழை, நல்ல அம்மா. குதிரையைப் பற்றிக் கேட்டால் மட்டும் செவலை, மயிலை, காரி, நெற்றிச் சுட்டி, பின்னங்கால் வெள்ளை என்று வாய் ஓயாது. குதிரையை விட்டு இறங்கியதும் சொல் வற்றிவிடும். இந்த லட்சணத்தில் வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆணை வேறு வந்திருந்தது, இனிமேல் ஒவ்வொரு பிள்ளையும் அடைமொழி போட்டு வர்ணித்து எழுத வேண்டுமாம். எப்படி எழுதவைப்பது என்று மட்டும் அதில் இல்லை. அது ஆசிரியையின் தலையெழுத்து.

ஆசிரியை பெயர் நுர்ஜாத். பிள்ளைகளுக்கு நுர்ஜாத் எஜே. எஜே என்றால் அக்கா. ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அக்கா, ஆனால் வீட்டுக் கதவைத் தட்ட ஒரு தங்கை கிடையாது. நகரத்திலிருந்து அவளைக் கட்டிக்கொண்டு வந்த புருஷன், ஒரு குளிர்காலம் மட்டும் என்று ருஷ்யாவுக்கு வேலைக்குப் போய், அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பமாகிவிட்டான். ஊர் கொஞ்ச நாள் பாவம் பார்த்தது. பாவம் பார்ப்பவர்கள் எப்போதும் தள்ளி நின்றுதானே பார்ப்பார்கள். தன் ஒருத்திக்காக விரிப்பு விரித்துச் சாப்பாடு வைக்க அவளுக்குக் கூச்சமாக இருக்கும். அடுப்போரம் நின்றபடியே ரொட்டியைப் பிய்த்துத் தேநீரில் தோய்த்துத் தின்று முடித்துவிடுவாள்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு அந்த இலையுதிர்காலத்தில் ஒருத்தி வந்தாள். தெருக்கோடி குல்பாராவின் ஓரகத்தி சாத்கின். குல்பாராவுக்கு மூன்று பெண்களுக்குப் பிறகு ஆண்குழந்தை பிறந்திருந்தது.

"நாப்பதாம் நாள் சட்டைக்குத் துணி கேட்டு வந்தேம்மா. நாப்பது வீட்டுத் துண்டை ஒட்டுப்போட்டுத் தைக்கணும். உன் வீட்டுலயும் ஒண்ணு வெட்டிக் குடு."

"என் வீட்டுலயா?"

"ஏன், உன் வீடு ஊர்ல இல்லையா? அன்னிக்கு நீயும் வந்துடு. புள்ளைக்கு ஆளுக்கொரு கரண்டி தண்ணி ஊத்தணும், நீயும் ஊத்து."

பழந்துணியில் கிழித்துக் கொடுத்திருக்கலாம். நுர்ஜாத் ஒருமுறைகூட உடுத்தாத நீலப் பட்டில் கத்தரியை வைத்தாள். சாத்கின் போனபிறகு, அன்றைக்கு எதை உடுத்துவது, தலைத்துணியை எப்படிக் கட்டுவது என்று சின்னப் பெண்போல யோசித்துக்கொண்டிருந்தாள். இந்த ஊருக்கு வந்தபிறகு அவளை அவளுக்காக ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

மறுவாரம் வகுப்பில் "எங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்தது" என்று தலைப்புக் கொடுத்தாள். ஒருவன் கன்றுக்குட்டி என்றான், இன்னொருவன் தொலைக்காட்சி என்றான். குல்பாராவின் மூத்த மகள் ஜிபெக் எழுந்தாள்.

"எங்க வீட்டுக்குத் தம்பி வந்திருக்கான். நல்ல தம்பி."

"நல்லதை விட்டுடு. எப்படிப்பட்ட தம்பி?"

ஜிபெக் ஜன்னலைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள்.

"சொல்லலாமா எஜே?"

"சொல்லுடி கண்ணு. என்ன வெட்கம்?"

"குண்டுத் தம்பி."

"குண்டுன்னா எப்படி? கையைச் சொல்லு, கன்னத்தைச் சொல்லு!"

பின்பெஞ்சு எர்கின், "மாவு பிசைஞ்ச மாதிரியா?" என்று எடுத்துக்கொடுத்தான். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு மடை திறந்துகொண்டது. மணி அடிப்பதற்குள் ஜிபெக்கின் தாளில் ஐந்து வரி நின்றது. என் தம்பி வெள்ளைவெளேரென்று இருக்கிறான். அவன் கன்னம் மெத்துமெத்தென்று இருக்கிறது. கண் கறுத்த திராட்சை. கையில் மடிப்பு மடிப்பாகச் சதை. எங்கள் தெருவிலேயே அவன்தான் அழகு. நுர்ஜாத்துக்குத் தலைகால் புரியவில்லை. தாளின் மூலையில் நட்சத்திரம் வரைந்து, பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பெரியவர்கள் வந்து நிற்கும் நடைச்சுவரில் ஒட்டிவைத்தாள்.

ஜிபெக் தயங்கியதை அவள் வெட்கம் என்று நினைத்ததுதான் தப்பு. நகரத்திலும் பச்சைக்குழந்தையைப் பார்த்தால், கண்பட்டுவிடக்கூடாதென்று "தூ, தூ, என்ன அசிங்கம்" என்றுதான் சொல்வார்கள். அது அவளுக்குத் தெரியாததல்ல. நாற்பது கழியாத குழந்தையை அழகென்று வாயால் சொல்லவே அஞ்சுகிற ஊரில், எழுதிச் சுவரில் ஒட்டிய சந்தோஷம் அவள் கண்ணை மறைத்துவிட்டது.

அந்த வாரமே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. பால் குடிக்கவில்லை, வயிறும் போயிற்று. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூன்றாம் நாள் மாலை சாத்கின் வாசலில் நின்றாள். உள்ளே வா என்றதற்கு வரவில்லை. கையில் நீலத் துண்டு.

"சட்டையிலேர்ந்து பிரிச்சு எடுத்துட்டோம். வச்சுக்க."

"குழந்தை இப்போ..."

"என் பேர் என்ன? சாத்கின். வித்துப்போட்ட பொண்ணுன்னு அர்த்தம். எனக்கு முன்னாடி பொறந்தது ஒண்ணும் தங்கலன்னு, இவளையும் வித்தாச்சுன்னு சொல்லி எங்கம்மா வச்ச பேரு. பேர்லயே இவ்வளவு பார்க்கிறோம். நீ என்னடான்னா வெள்ளை, குண்டு, அழகுன்னு செவுத்துல ஒட்டி ஊரையே படிக்க விட்டிருக்க."

"அது பாடம், எஜே. நான் வேணும்னு..."

"வேணும்னு செஞ்சேன்னு யாரும் சொல்லல. குல்பாரா ஒரு வார்த்தை பேசல. நான்தான் சொல்றேன். நாப்பதுக்கு நீ வர வேண்டாம். மனசுல வச்சுக்காதம்மா."

நுர்ஜாத்துக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. தண்ணீரில் ஏதோ கலந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் மறுநாள் காலை யாரும் வருவதற்கு முன் சுவரிலிருந்து அந்தத் தாளைக் கழற்றிவிட்டாள்.

குழந்தை தேறிவிட்டது. நாற்பதாம் நாள் தெரு முழுக்கப் பலகாரம் பொரிக்கும் வாசனை. நுர்ஜாத் ஜன்னலைச் சாத்தினாள், பிறகு தாங்காமல் திறந்தாள். பெண்கள் ஒவ்வொரு கரண்டிக்கும் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. கோபமாவது வந்திருக்கலாம், வரவில்லை. தனக்கு இங்கே யாருமே இல்லை என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு முழுசாக உறைத்தது. பள்ளி விடுமுறை விட்டதும் நகரத்துக்கே போய்விடுவது என்று முடிவு செய்தாள்.

அதற்கு முன் ஆசிரியர் தினம் வந்து தொலைத்தது. "என் ஆசிரியை" என்று எழுதவைக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. தன்னைப் பற்றித் தானே எழுதச் சொல்ல அவளுக்கு நாக்கூசியது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வாசித்தார்கள். நல்ல ஆசிரியை. மிக நல்ல ஆசிரியை. எர்கின் மட்டும், "எங்கள் ஆசிரியை வலுவான ஆசிரியை" என்றான், குதிரையைச் சொல்வதுபோல.

ஜிபெக் எழுந்தாள். தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

"என் ஆசிரியை அசிங்கமானவர். அவருடைய மூக்கு முளைவிட்ட பழைய உருளைக்கிழங்கு. அவருடைய தலைமுடி நனைந்த ஆட்டுமுடி. குரல் துருப்பிடித்த கதவு. அவர் யாருக்கும் வேண்டாம். அவரை யாரும் பார்க்க வேண்டாம்."

எர்கின் களுக்கென்று சிரித்தான், அவனைப் பார்த்து எல்லோரும். நுர்ஜாத்தின் காது மடல் எரிந்தது. சாத்கின் வீட்டில் பேசிய பேச்சைத்தான் பெண் எழுதிவந்து படிக்கிறாள் என்று நினைத்தாள். யாருக்கும் வேண்டாம் என்பது பொய்யும் இல்லையே. அந்த நினைப்புத்தான் அவளை அறுத்தது. "உட்கார்" என்றாள். மணி அடித்தபிறகு எல்லோரும் ஓடட்டும் என்று காத்திருந்து ஜிபெக்கை மேஜைக்குக் கூப்பிட்டாள்.

"யார் சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் இல்ல. நானே எழுதினேன்."

"என் மேல கோபமா?"

ஜிபெக் அதிர்ந்துபோய்ப் பார்த்தாள்.

"கோபமா? எஜே, எங்கம்மா தம்பிய இப்போ அப்படித்தான் கூப்பிடுறாங்க. மொட்டை, மூக்கொழுகி, யாருக்கும் வேணாத பயன்னு. காய்ச்சல் திரும்பி வரவே இல்ல."

நுர்ஜாத் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"தம்பிக்குக் கண்பட்டா அம்மா இருக்காங்க, பெரியம்மா இருக்காங்க, சுத்திப் புகை போடுவாங்க. உங்க வீட்டுல யார் இருக்கா?" ஜிபெக் குரலைத் தாழ்த்தினாள். "எல்லாரும் நல்ல ஆசிரியை, நல்ல ஆசிரியைன்னு சத்தமாப் படிக்கிறாங்க. எனக்குப் பயமாப் போச்சு. அதான் கடைசில எழுந்து படிச்சேன்."

நுர்ஜாத் தாளை வாங்கினாள். ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. கண்ணைத் துடைப்பது பிள்ளைக்குத் தெரியாமல் இருக்க மூக்கைச் சிந்துவதுபோலக் கைக்குட்டையை எடுத்தாள்.

"அவசரத்துல உங்க பல்லைப் பத்தி எழுத விட்டுட்டேன், எஜே."

"விடக்கூடாது" என்றாள் நுர்ஜாத். தாளைத் திருப்பி அவள் கையிலேயே கொடுத்தாள். "உட்காரு. பல்லையும் எழுது. எவ்வளவு மோசமா முடியுமோ, அவ்வளவு மோசமா எழுது."